எண்பத்தாறாவது நிமிடத்துப் பந்து

ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில் மீன் பிடித்து வாழ்ந்த இன்வர்காரிக் என்ற சிறு நகரத்தின் உதைபந்தாட்டக் கழகம் தன் வாழ்நாளில் பதினொரு தடவை ஐரோப்பிய அணிகளோடு விளையாடியது. அவற்றில் பத்து ஆட்டங்கள் முடிந்துவிட்டன. பதினொன்றாவது இன்னும் முடியவில்லை.

பதினொன்றும் மைதானத்து மர மேடையின் பின்சுவரில், பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் இருக்கின்றன. ஐஸ்லாந்துக்கு அணி மீன்பிடிக் கப்பலிலேயே போனது, போகும் வழியில் வலை போட்டுக்கொண்டே போனது, அதனால் விளையாட இறங்கியபோது எதிரணிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். போர்த்துக்கலில் ஏழு கோல் வாங்கிய நாளில் கோல்காப்பாளர் அலெக்கின் மூக்குத் தோல் வெயிலில் உரிந்தது. ஊரார் ஏழு கோலை விட்டுவிட்டு ஒரு மாரிகாலம் முழுவதும் அந்த மூக்கைப் பற்றியே பேசினார்கள். பெல்ஜியத்துக்காரர்களோடு இரண்டு ஆட்டத்திலும் தீராமல், யாருக்கும் சொந்தமில்லாத ஊரொன்றில் மூன்றாவதாக ஒன்று விளையாடி வென்றார்கள். இப்படிப் பத்து வரிகளிலும் திகதி, எதிரணி, கோல் கணக்கு எல்லாம் உண்டு. பதினொன்றாவது வரியில் திகதியும் எதிரணியின் பெயரும் மட்டும் உண்டு. கோல் எழுத வேண்டிய இடத்தில் பச்சை வண்ணம் மட்டும், வருடத்துக்கு ஒரு தடவை புதிதாகப் பூசப்பட்டு, வெறுமையாக இருக்கிறது.

அந்த எதிரணி செக்கோஸ்லோவாக்கியாவின் நிலக்கரி நகரமான ப்ரெஸ்னாவிலிருந்து வந்தது. அங்கே போய் விளையாடியபோது ஆளுக்கொரு கோல். வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற விதி அப்போதுதான் வந்திருந்தது. ஆகவே ஊரில் நடக்கும் இரண்டாவது ஆட்டத்தில் கோல் வாங்காமல் இருந்தாலே போதும், இன்வர்காரிக் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். மைதானத்தில் மின்விளக்குகள் இல்லை. அதனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு ஒக்டோபர் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் பிற்பகல் இரண்டரைக்கு ஆட்டத்தை வைத்து, பள்ளிக்கூடத்தைப் பூட்டி, மீன் ஏலத்தை நிறுத்தி, நாலாயிரம் பேர் தூறலில் வந்து நின்றார்கள்.

எண்பத்தாறாவது நிமிடம் வரை யாரும் கோல் அடிக்கவில்லை. அப்போது வலப்பக்கத் தடுப்பாளன் ஹெக்டர், இருபத்தைந்து வயதுக்காரன், தன் காலடிக்கு வந்த பந்தை மேலே அடித்தான். உயரமாக அடித்தால் நேரம் போகும் என்பதைத் தவிர அவன் மனதில் ஒன்றும் இருக்கவில்லை. பந்து போயிற்று, கடற்காகங்கள் அதற்கு வழிவிட்டு விலகின, அது பழமாகி, மொட்டாகி, புள்ளியாகி, பிறகு தூறலும் மேகமும் மட்டும் இருந்தன. நாலாயிரம் முகங்களும், இரண்டு அணிகளும், விசிலைப் பல்லில் கடித்தபடி மத்தியஸ்தரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பந்து திரும்பி வரவில்லை. எல்லோரும் கழுத்து நோகக் கீழே பார்த்தபோது இன்வர்காரிக்கின் வலைக்குள் ஒரு பந்து கிடந்தது. அதன் முன்னால் ப்ரெஸ்னாவின் இடப்பக்க ஆட்டக்காரன் யாரோமிர், திட்டு வாங்கக் காத்திருக்கும் மாணவனைப் போலத் தனியாக நின்றான். மத்தியஸ்தருக்கு வானத்துக்குப் போன பந்து விளங்கவில்லை, வலைக்குள் கிடந்த பந்து விளங்கிற்று. அவர் கோல் கொடுத்தார். நாலு நிமிடத்தில் இன்வர்காரிக் ஐரோப்பாவை விட்டு வெளியேறியது, பிறகு ஒருபோதும் உள்ளே போகவில்லை.

ஊர் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. வராத படகுகளுக்காகக் காத்திருந்து பழகிய ஊர் அது. போனது வரும், வரும்வரை எதுவும் முடிந்ததாகாது என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த சட்டம். கழகம் ஐரோப்பிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது. முடிவு முடிவுதான் என்று பதில் வந்தது. அதை ஒரு தேநீர்ப் பேணிக்குக் கீழே வைத்துவிட்டு, பலகை எழுதுபவரிடம் கோல் கணக்கை விட்டுவிடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு வந்த புதன்கிழமைகளில், நாலு மணி ஆறு நிமிடத்துக்கு, கடைக்காரர்கள் கடை வாசலுக்கும் பெண்கள் கொல்லைப்புறத்துக்கும் வந்து ஒரு தடவை மேலே பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். பிள்ளைகள் படம் வரைந்தால் சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு பந்தும் இருந்தது. தபால்காரர் மகள் இஷ்பெல், பந்து விழட்டும், பிறகு கலியாணத்தை வைப்போம் என்று தன் காதலனிடம் விளையாட்டாகச் சொன்னாள். அவர்கள் ஐம்பத்தெட்டு வருடமாக நிச்சயம் செய்யப்பட்டவர்களாகவே, ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில், சந்தோஷமாக இருந்தார்கள்.

மேலே பார்க்காதவர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவர் சிவகடாட்சம்.

சிவகடாட்சம் இலங்கையின் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வலை நெய்யும் தொழில்நுட்பம் படிக்க இருபது வயதில் அந்த ஊருக்கு வந்தவர். பள்ளிக்கூட அணியிலும் மாற்றுக் கோல்காப்பாளராக இருந்தவர் என்று அறிந்து கழகம் அவரை மாற்றுக் கோல்காப்பாளராகப் பதிந்துகொண்டது. ஐரோப்பிய ஆட்டங்களில் கடைசி ஐந்துக்கும் அவர் கோட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிடம்கூட உள்ளே இறங்கவில்லை. அவருடைய வேலை மடியில் ஒரு மேலதிகப் பந்தை வைத்துக்கொண்டு இருப்பது.

அவர் படித்த பள்ளிக்கூடத்து மைதானத்தைச் சுற்றி ஒரு பக்கம் பனங்கூடல், ஒரு பக்கம் கிளுவை வேலி, மூலையில் சுற்றுக்கட்டு இல்லாத கிணறு. ஆட்டத்துக்கு நாலு தடவையாவது பந்து கிணற்றுக்குள் போகும். போனால் யாரும் நிற்பதில்லை. மாற்றுக் கோல்காப்பாளன் மடியிலிருக்கும் மற்றப் பந்தை உடனே உள்ளே எறிவான், ஆட்டம் தொடரும், யாராவது கிணற்றில் இறங்குவார்கள். எறியப் பிந்தினால் மாஸ்டர் காதைத் திருகுவார். எட்டு வருடம் அவர் அப்படி எறிந்திருக்கிறார். அந்தப் புதன்கிழமையும், பந்து இல்லாமல் ஆட்டம் நின்றதைக் கண்டவுடன், யாரும் கேட்காமலே, விசில் ஊதாமலே, கைகள் எழுந்து பந்தை உள்ளே எறிந்தன. எறிந்த பிறகுதான் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் கண்டார். பந்து யாரோமிரின் காலடிக்கு உருண்டு போனது.

அதைக் கண்டவர்கள் உண்டா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து ஐம்பத்தெட்டு வருடமாக அவருக்குத் தெரியாதது அது ஒன்றுதான்.

இன்வர்காரிக்கில் எல்லாவற்றையும் எறிவார்கள். துறைமுகத்தில் கயிற்றை எறிவார்கள், மீன் பெட்டியை எறிவார்கள், பேக்கரியில் பாணையும் மிச்சக் காசையும் எறிவார்கள், ஒருவர் கை எழும்பும், மற்றவர் கை பிடிக்கும். சிவகடாட்சத்திடம் மட்டும் ஊரார் யாரும், எறி, என்று சொன்னதில்லை. வலை ஆலையில் அவர் கையிலிருக்கும் நூல்கட்டை வேண்டுமென்றால் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்து, நன்றி சொல்லி, கையிலிருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். இது தூரத்திலிருந்து வந்தவனுக்கு ஊர் காட்டும் மரியாதையா, அல்லது ஊர் கண்டுவிட்டுச் சொல்லாமல் வைத்திருக்கும் தீர்ப்பா என்று அவர் முதல் வருடம் யோசித்தார், முப்பதாவது வருடம் யோசித்தார், ஓய்வு பெற்ற நாளில் தொழிலாளர்கள் பரிசுக் கடிகாரத்தை இரண்டு கையாலும் கொண்டுவந்து தந்தபோதும் யோசித்தார்.

சென்ற வருடம் ஜூலை மாதத்தில் உடுப்புக் காயப்போடப் போன அவருடைய மனைவி இராசலோசனி கொல்லையில் நின்று கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா வெளியில வாங்கோ. மேல ஒரு புள்ளி நிக்குது."

"காகமாயிருக்கும்."

"காகம் அசையாமல் நிக்குமே? வந்து பாருங்கோவன்."

"எனக்கு அடுப்பில தேத்தண்ணி கிடக்குது" என்றார் அவர். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

மாலைக்குள் ஊர் முழுக்கத் தெருவில் நின்றது. யாரும் சத்தம் போடவில்லை. துறைமுக அதிகாரி கருவிகளை வைத்து அளந்து, பந்து நாளொன்றுக்கு ஒரு பாகம், அதாவது ஆறடி, இறங்குகிறது என்றார். தேவாலயத்தில் மணி அடிக்கலாமா என்று கேட்டார்கள், இன்னும் விழவில்லையே என்று பாதிரியார் சொன்னார். கழகம் புல்லை வெட்டிக் கோடுகளைப் புதிதாகப் போட்டது. இஷ்பெல் தையற்காரியிடம் போய் அளவு கொடுத்துவிட்டு வந்தாள். அவளுடைய எதிர்வீட்டுக் காதலர் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார். பந்து ஓகஸ்ட் முழுக்க இறங்கிற்று, செப்டெம்பர் முழுக்க இறங்கிற்று, ஒக்டோபரில் தேவாலயக் கோபுரத்தின் உயரத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. நின்ற இடத்தில் அது மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அது புதன்கிழமைக்காக நிற்கிறது என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மீனவர்கள் ஈயக்குண்டு கட்டிய கயிறும் கண்ணுமாகப் பார்த்து, அது இன்வர்காரிக் கோலின் முன்னால், கோட்டிலிருந்து எட்டு அடி தூரத்தில் விழும் என்றார்கள். அதாவது கோல்காப்பாளரின் பந்து.

அலெக் இறந்து பத்து வருடம்.

கழகத்தின் செயலாளர் மொய்ரா, அறுபது வயதுப் பெண், அணிப் பட்டியலின் பழைய தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு சிவகடாட்சம் வீட்டுக்கு வந்தாள்.

"அன்றைக்கு இருந்தவர்கள் மட்டும்தான் இறங்கலாம் என்று ப்ரெஸ்னாக்காரர்களோடு பேசி முடித்துவிட்டோம்" என்றாள். "எங்களில் ஏழு பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஐந்து பேர். கோல்காப்பாளருக்குக் காயம் என்றால் மட்டும் பதிந்த மாற்று ஆள் இறங்கலாம் என்று பட்டியலின் அடியில் எழுதியிருக்கிறது."

"அலெக்குக்குக் காயம் இல்லை. அவர் செத்துப் போனார்."

"அதைக் கடுமையான காயமாக எடுத்துக்கொள்ள அவர்கள் சம்மதித்துவிட்டார்கள்."

"எனக்கு இரண்டு கண்ணிலும் புரை, மொய்ரா. பந்து இரண்டாகத் தெரியும்."

"ஒன்றைப் பிடித்தால் போதும்" என்றாள் மொய்ரா. பிறகு மேசையில் அவர் முன்னால் கிடந்த பேனாவைக் கேட்டாள். அவர் அதை நீட்டுமுன் எழுந்து, மேசையைச் சுற்றி நடந்து வந்து, அவர் கையிலிருந்து வாங்கி, அவர் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டாள்.

அவள் போன பிறகு சிவகடாட்சம் நெடுநேரம் கதிரையிலிருந்து எழும்பவில்லை. இராசலோசனி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏன் இப்பிடி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?"

அவர் சொன்னார். கிணற்றை, மாஸ்டரை, மடியிலிருந்த பந்தை, உருண்டு போனதை, எல்லாவற்றையும் வலைப் பின்னலை அவிழ்ப்பது போல ஒவ்வொரு கண்ணாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது தேநீர் ஆறி ஆடை கட்டியிருந்தது. இராசலோசனி தலையைச் சரித்து அவரைப் பார்த்தாள்.

"அப்ப, அம்பது வருசமா நான் கீழ நிண்டு காரின்ர திறப்பை எறியுங்கோ எண்டு கேக்கிறன். நீங்கள் ஒவ்வொரு நாளும் படியிறங்கி வந்து கையில தாறீங்கள். முழங்கால் நோகுதெண்டு முனகி முனகி. அது இதுக்கோ?"

"ஓம்."

"நான் நினைச்சன் என்னில உள்ள விருப்பத்தில எண்டு."

"அதுவும்தான்."

"விசர்க் கதை கதையாதேங்கோ" என்றாள். ஆறிய தேநீரை எடுத்து வாசற்படியில் ஊற்றிவிட்டு வந்தாள். "சனத்துக்குத் தெரியுமோ?"

"அதுதானே தெரியேல்லை. இவ்வளவு நாளும் தெரியாமலிருந்தால், அண்டைக்குத் தெரிஞ்சிடும். நான் பந்தைப் பிடிச்சவுடன என்ர கையைத்தான் பாப்பினம். ஒரு பந்தோட என்ர கையைக் கண்டால் எல்லாருக்கும் நினைவு வரும்."

"பிடிக்காமல் விட்டால்?"

"உருண்டு உள்ள போயிடும், அது கோல். பிறகு பலகையில எழுதிப்போடுவினம். அதை அழிக்கேலாது."

இராசலோசனி கொஞ்சம் யோசித்தாள். "நீர் பிடியும்" என்றாள். கலியாணம் கட்டி ஐம்பத்தொரு வருடத்தில் அவள் அவரை நீங்கள் என்று சொல்லாமல் நீர் என்று சொன்னது அதுவே முதல் தடவை. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

புதன்கிழமை தூறல் இருந்தது. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். மீன் ஏலம் இப்போது இல்லை, அதனால் அது நடந்த கொட்டகையைத் திறந்து ஒரு தடவை பூட்டினார்கள். ப்ரெஸ்னாவிலிருந்து பேருந்தில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய நகரத்தையே நிலக்கரிக்காகத் தோண்டி எடுத்துவிட்டார்கள் என்றும், தங்கள் பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது ஒரு ஏரி இருக்கிறதென்றும், தாங்கள் தோற்ற ஆட்டங்களெல்லாம் அதற்குள் போய்விட்டன, வென்றது இது ஒன்றுதான் கரையில் மிச்சம் என்றும் அவர்களில் ஒருவர் சொன்னார். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

யாரோமிர் ஊன்றுகோலோடு சிவகடாட்சத்தைத் தேடி வந்து கை கொடுத்தார். தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், தணிந்த குரலில் பேசினார்.

"அன்றைக்கு எனக்குப் பந்து தந்தது நீங்கள்."

சிவகடாட்சம் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். யாரோமிர் விடவில்லை.

"நான் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எனக்கு மாலை போட்டபோதும் சொல்லவில்லை. பார்க்காமல் நின்ற மனிதர்களுக்கு அடித்த கோல் அது. அதைப் பற்றி என்ன சொல்ல?"

ஆக யாரோமிர் சொல்லவில்லை. அப்படியானால் ஊருக்குத் தெரியாது. சிவகடாட்சம் கோலுக்கு முன்னால் நடந்து போனார். தெரியாத ஊரின் முன்னால், இன்னும் சிறிது நேரத்தில், அவர் கையில் ஒரு பந்து இருக்கப் போகிறது.

பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரு மேலதிகப் பந்து கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. மொய்ரா அதை யாரிடம் கொடுப்பதென்று பார்த்தபோது இராசலோசனி வாங்கில் போய் உட்கார்ந்து, "என்னட்டத் தாங்கோ" என்று கை நீட்டினாள். குளிருக்குப் போட்டிருந்த பெரிய கோட்டுக்குள் பந்தை வைத்துப் பொத்தான் முழுவதையும் பூட்டினாள். ஏழு மாதக் கர்ப்பிணிபோல இருக்கிறாய் என்று பக்கத்தில் நின்ற இஷ்பெல் சொன்னாள். "இது இண்டைக்குப் பிறக்காது" என்றாள் இராசலோசனி. இஷ்பெல் விளங்காமல் தலையாட்டினாள்.

ஏழு கிழவர்களும் ஐந்து கிழவர்களும் அன்று நின்ற இடங்களில் போய் நின்றார்கள். இறந்தவர்களின் இடங்களை வெறுமையாக விட்டார்கள், யாரும் அவற்றின் மேல் மிதிக்கவில்லை. ஹெக்டர், எண்பத்துமூன்று வயது, வலப்பக்கத்தில் பந்தை அடித்த அதே இடத்தில் நின்றார். மாவட்டத்தில் மத்தியஸ்தம் பார்க்கும் இளம் தபால்காரப் பெண் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி ஐந்து நிமிடமாயிற்று. ஊர் மேலே பார்த்தது.

சிவகடாட்சமும் மேலே பார்த்தார். தூறல் கண்ணுக்குள் விழுந்தது. கோபுரத்தின் உயரத்தில் இரண்டு பந்துகள் சுழன்றன, இரண்டும் கறுப்பு, இரண்டும் அவரையே பார்த்தன. நாலு மணி ஆறு நிமிடத்தில் அவை இரண்டும், எந்தப் பந்தும் விழுவதைப் போல, விழுந்தன. எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஈரத்தோல் காற்றைக் கிழிக்கும் ஒலி வந்தது. அந்த ஒலிக்கு அவர் கைகள் எழுந்தன. பந்து நெஞ்சில் இடித்தது, அவர் புல்லில் உட்கார்ந்த மாதிரி விழுந்தார், பந்து அவர் கைகளுக்குள் இருந்தது.

அது கனமாக இருந்தது. அறுபத்தாறாம் வருடத்து மழை அதில் இன்னும் காயவில்லை. அவர் எழுந்து நிற்கும்வரை, கைகளுக்குள் அது சுழல்வதை நிறுத்தவில்லை.

ஊர் முழுக்க அவர் கைகளைப் பார்த்தது.

"விசில் ஊதியாச்சா?" என்று அவர் கேட்டார்.

"இல்லை" என்றாள் மத்தியஸ்தர். "ஆட்டம் நடக்கிறது. நாலு நிமிடம் இருக்கிறது."

அவர் பந்தோடு நின்றார். யாரோமிர் ஊன்றுகோலை எறிந்துவிட்டு முன்னால் வரத் தொடங்கினார். இன்வர்காரிக்கின் கிழவர்கள் ஐம்பத்தெட்டு வருடப் பழக்கத்தில், அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ள, நாலு பக்கமிருந்தும் அவரை நோக்கி நடந்து வந்தார்கள். மெதுவாக, நன்றி சொல்ல ஆயத்தமான முகங்களோடு வந்தார்கள். அவர்கள் கிட்ட வரவர சிவகடாட்சம் பந்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். வாங்கிலிருந்த இராசலோசனி கோட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஹெக்டர் மட்டும் நடக்கவில்லை. வலப்பக்கத்தில், முப்பது அடிக்கு அப்பால், நின்ற இடத்திலேயே நின்று அவர் வலக்கையை உயர்த்தினார். மற்றக் கிழவர்கள் அதைக் கண்டு ஒவ்வொருவராக நின்றார்கள்.

"இந்தத் தடவை நான் கேட்கிறேன், சிவா" என்றார் ஹெக்டர். "எறி."

சிவகடாட்சம் அவரைப் பார்த்தார். பிறகு நின்றுவிட்ட மற்றவர்களின் முகங்களைப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் புதிதாக ஒன்றை அறிந்த குறி இல்லை.

அவர் எறிந்தார். பந்து தோள் உயரத்துக்கு மேல் போகாமல், ஈரத்தைச் சிந்திக்கொண்டு, ஹெக்டரின் காலை நோக்கிப் போயிற்று. வானத்தை ஒருவரும் பார்க்கவில்லை.